மூலையைப் பார்க்கும் மிஸ்

தோட்டத்து மருந்தகத்துக்கு முதன்முதலாக வந்த அன்று அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் குடையை மடக்கினார், நனைந்த சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார், உள்ளே வந்தார். மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மூலை உண்டு. உடைந்த தராசு ஒன்றைத் தவிர அங்கே எதுவும் கிடையாது. அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி வணக்கம் சொன்னார்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது டிஸ்பென்சராக இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், அட்டைக்கடி, வெட்டுக்காயம், வயிற்றுவலி எல்லாம் என் பாடு. அவர் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். காற்றில் இருக்கும் நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து, அதைத் தோட்டத்து வீடுகளில் வைத்துப் பார்க்க வந்திருந்தார். முதல் வாரம் தோட்டத்துச் சனங்கள் அவரை 'பெட்டி மிஸ்' என்றார்கள். இரண்டாவது வாரம் அது 'மூலையைப் பார்க்கும் மிஸ்' என்று மாறிவிட்டது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. நானாகத்தான் சொல்லாமல் விடுகிறேன்.

"அண்ணே, மழ நாள்ல மட்டும் தலவலின்னு வர்றவங்க யாராச்சும் இருக்காங்களா? வெயில் அடிச்சா தானா சரியாப் போயிரும். அந்த மாதிரி."

"இந்தக் குளிர்ல தலவலி இல்லாத ஆளத் தேடுறதுதான் மிஸ் கஷ்டம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நோயாளர் பதிவேட்டைக் கேட்டு எடுத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு பதிவேட்டை என் மேசையில் விரித்து, ஒரு பெயருக்குக் கீழே பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார். பவானி, ஆறாம் நம்பர் லயம். தலைவலி, வாந்தி, நெஞ்சு அடைப்பு. எட்டு முறை வந்திருந்தாள். எட்டு முறையும் பனடோல் கொடுத்திருந்தேன். எட்டுக்கும் கீழே என் கையெழுத்து.

பவானிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது கீர்த்தி, நாலு வயது. இளையது கைக்குழந்தை. பிள்ளை பெற்ற நாளிலிருந்து வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். புருஷன் பகலெல்லாம் மலையில் தேயிலைக்கு மருந்தடிக்கப் போய்விடுவான். அவனுக்கு ஒரு தலைவலியும் கிடையாது. பவானிக்குத்தான். எட்டாம் முறை வந்தபோது அவள் இன்னொன்றையும் சொன்னாள். அதை நான் பதிவேட்டில் எழுதவில்லை. மிஸ் கேட்டதால் சொன்னேன்.

"காம்பரா மூலையில ஒரு பொம்பள நிக்கிறாங்களாம். தலையில கம்பளியப் போட்டுக்கிட்டு. புள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரி, பயந்துருப்பா. பேயோட்டுற கோடாங்கிய கூட்டிட்டு வந்து வாசல் நெலையில எலுமிச்சம்பழம் கட்டியிருக்காங்க."

மிஸ் பென்சிலை மேசைமேல் வைத்தார். "கம்பளியா?" என்றார்.

"ஆமா. அந்தக் காலத்துல மழைக்குக் கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க போட்டுக்குவாங்களே, கறுப்புக் கம்பளி. இப்ப எல்லாருக்கும் பிளாஸ்டிக் தாள்தானே."

அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆறாம் நம்பர் லயத்துக்குப் போகும் வழியைக் கேட்டார்.

அவருக்குத் தோட்டத்தில் தங்க இடம் இல்லாததால் எங்கள் குவாட்டர்ஸில் பின்னறையைக் கொடுத்தோம். என் மனைவிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார், பேச்சு குறைவு, எதற்கும் குறை சொல்ல மாட்டார். ஒன்றுதான் அவளுக்குப் பழக்கப்படவில்லை. எந்த அறைக்குள் வந்தாலும் மிஸ்ஸின் கண் முதலில் ஒரு மூலைக்குப் போகும். ஒவ்வொரு அறையிலும் ஒரே ஒரு மூலை. அது எது என்று அவருக்கே தெரிவதுபோல நேராகப் போகும். உடனே பெட்டியை எடுத்து அந்தப் பக்கம் நீட்டுவார். எண்ணைப் பார்ப்பார். பிறகுதான் உட்காருவார், அந்த மூலைக்கு முதுகைக் காட்டாமல்.

ஒருநாள் காலை சாப்பாட்டு மேசையில் என் மனைவி நேராகவே கேட்டுவிட்டாள்.

"மிஸ், அந்த மூலையில அப்படி என்னாதான் இருக்கு? எனக்கும் சொல்லுங்களேன், பெருக்கவாச்சும் செய்யலாம்."

"ஒண்ணும் இல்லக்கா" என்றார் மிஸ். பெட்டியின் முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க, பூச்சியம்."

அவர் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. எண் பூச்சியம் என்றால் எல்லாரும் நிம்மதிப்பட வேண்டும். அவர் மட்டும் தோற்றுப் போனவர் மாதிரி பெட்டியை மூடி வைப்பார். அது ஏன் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

பெட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நன்றாகப் பேசுவார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் அது. உள்ளே விரல் நகத்தில் பாதி கூட வராத ஒரு சில்லு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி பூசியிருக்கும். அந்தப் பொடியைச் சட்டி காய்கிற மாதிரி எந்நேரமும் சூடாகவே வைத்திருக்க வேண்டுமாம்.

"பொடியில ஒவ்வொரு மணியும் சீனிப்பாகு தடவின கடல மாதிரிண்ணே. மேல ஓடு. அது வெள்ளீயத்தோட ஒட்சைட்டு. உள்ள பருப்பு. அது தங்கம்."

"தங்கமா?"

"கண்ணுக்குத் தெரியாத தங்கம். மொத்தத்தையும் சேத்தாலும் ஒரு மூக்குத்தி முனை வராது." அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். "காத்துல இருக்கிற ஒட்சிசன் அந்த ஓட்டு மேல பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி ஏறி உக்காந்துக்கும். உக்காந்துட்டு மின்சாரத்தப் போக விடாது. கரி எரியுறப்ப வர்ற கெட்ட வாயு இருக்கே, காபனோரொட்சைட்டு, இங்கிலீசுல காபன் மொனொக்சைட், அது வந்து ஒட்சிசனைக் கையப் புடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போயிரும். சீட்டு காலியானதும் மின்சாரம் ஓடும். எண் ஏறும்."

"அந்த வாயு என்னா வாசமா இருக்கும்?"

"வாசம் இல்ல. நெறம் இல்ல. கண்ணு கூட எரியாது. மூக்குக்குத் தெரியுற மாதிரி இருந்தா நான் ஏன்ணே இந்த வேலைக்கு வரப்போறேன்."

மூடுபனிதான் அவருக்கு எதிரி. காற்றில் ஈரம் ஏறினால் தண்ணீரும் வந்து அந்த இருக்கைகளில் உட்கார்ந்துகொள்ளும், பெட்டி தடுமாறும் என்றார். எங்கள் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து கதிரை போட்டு உட்காரும். இன்னொரு குறையும் இருந்தது. வாயு வந்தால் எண் சட்டென்று ஏறிவிடும். ஆனால் வாயு போன பிறகு இறங்கப் பல நிமிடம் ஆகும். ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பெரும்பாடு என்று அடிக்கடி சொல்வார்.

பவானியின் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, அவரோடு நானும் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள் உள்ள பழைய லயம். போன வருசம்தான் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். குளிர் வராமல் இருக்க, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே வெளிப்பக்கம் இருந்த இடைவெளியைச் சீமெந்து பூசி அடைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று பவானியின் புருஷன் சன்னல் இடுக்கிலும் சாக்கைத் திணித்து வைத்திருந்தான்.

மிஸ் வாசலில் நின்றார். கட்டிலைத் தாண்டி உள்மூலையைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் நின்றதால் பெட்டி அவர் கையில் நடுங்கியதைப் பார்த்தேன்.

"அங்கதானா?" என்று பவானியிடம் கேட்டார்.

பவானி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையாட்டினாள். மிஸ் அந்த மூலையைக் கையால் காட்டவும் இல்லை, எந்த இடம் என்று சொல்லவும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நல்ல வெயில். பெட்டி பூச்சியம் காட்டியது.

"வீட்டுக்குள்ள நெருப்பு போடுறீங்களா? கரிச்சட்டி, அந்த மாதிரி?"

"காம்பராவுல நெருப்பே கெடையாது மிஸ். சமையல் பின்னால, தனிக் குசினி. வேணும்னா பாத்துக்கங்க."

பார்த்தோம். அவள் சொன்னது உண்மை. அந்தப் பக்கத்து வீட்டிலும் கேட்டோம், அங்கேயும் இல்லை. இந்தப் பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அங்கே தனி ஆள் ஒருவர், டவுனில் மரக்கறி மூட்டை ஏற்றும் வேலை. விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார் என்றார்கள். மிஸ் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, அது கத்தினால் உடனே எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்.

நாலாம் நாள் விடியற்காலை, மூடுபனி லயத்துக்குள் புகுந்த நேரத்தில், பெட்டி கத்தியது. எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குளிரில் ஓடிவந்து நின்றார்கள். மிஸ் வந்து இன்னொரு கருவியை வைத்துப் பார்த்தார். வாயு இல்லை. வெறும் ஈரம். மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாள் பவானியின் புருஷன் பெட்டியைக் கழற்றி மருந்தகத்துக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்த மிஸ்ஸு வந்துட்டுப் போனதுல இருந்து வீட்டுக்காரி இன்னும் பயப்புடுறா. அவங்களே மூலையப் பாத்து நடுங்குனாங்களாமே. பேயக் காட்டிக் குடுத்துட்டுப் போன மாதிரி ஆகிருச்சுங்க."

மிஸ் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் கண்டிக்குப் போனார். ஓடு தடிப்பாக இருந்தால் பருப்புக்கு ஒன்றும் தெரியாது, மெல்லிசாக இருந்தால் ஈரம் தாங்காது, நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இல்லாத மூன்று வாரத்தில் பவானி ஒன்பதாம் முறையாக வந்தாள். நான் மறுபடியும் பனடோல் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் இப்படிக் கண்டிக்குப் போவதற்கு முன்பே ஒருமுறை அவரோடு ரயிலில் போயிருக்கிறேன். பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னொரு பெட்டியை மாட்டுவதற்குத் துணைக்கு வரச் சொன்னார். பட்டிப்பொலை தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் போனது. எஞ்சின் புகை ரயில் பெட்டிக்குள் வந்தது. அவர் கையில் இருந்த கருவி ஏழு, பன்னிரண்டு, இருபது என்று ஏறியது. அவருக்கு அவ்வளவு சந்தோசம். "வேல செய்யுது பாருங்கண்ணே" என்றார். வெளிச்சம் வந்ததும் எங்கள் எதிர் வரிசையில் காலியாக இருந்த கடைசி இருக்கையைப் பார்த்தார். முகம் மாறியது. கருவியை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார். புகை போன பிறகு எண் மெல்ல மெல்ல இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தது.

"மிஸ், நீங்க என்னாத்த தேடுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்.

"அந்த வாயு மூளைக்குப் போனா இல்லாதது தெரியும்ணே. யாரோ நிக்கிற மாதிரி, நடக்குற மாதிரி. அது வைத்தியத்துல உள்ள விசயம். நீங்களும் படிச்சிருப்பீங்க."

"ஆமா."

"அப்ப, எனக்கு யாராச்சும் நிக்கிற மாதிரி தெரிஞ்சா, அந்த இடத்துல வாயு இருக்கணும். கொஞ்சமாவது இருக்கணும். பெட்டிக்குத் தெரியலன்னா பெட்டி பத்தல. இன்னும் நுணுக்கமா செய்யணும்." கருவியை மடியில் வைத்துக்கொண்டார். "மொதப் பெட்டிக்கு அம்பதுக்குக் கீழ தெரியாது. இப்ப ஒண்ணு ரெண்டு கூட தெரியுது. அப்பவும் பூச்சியந்தான் காட்டுது."

எதிர் இருக்கையில் யாரும் இல்லை. ஆனாலும் பண்டாரவளை வரும்வரை நான் அந்தப் பக்கம் கால் நீட்டவில்லை.

புதுப் பெட்டியோடு மிஸ் திரும்பி வந்தது ஆடி மாதத்து மழையில். பவானியின் புருஷனிடம் நான் போய்க் கெஞ்சினேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்றேன். அரைமனதாகச் சம்மதித்தான். பெட்டியை மாட்டிய முதல் நாள் விடியலில் நல்ல மூடுபனி. அது கத்தவில்லை. இரண்டாம் நாளும் கத்தவில்லை. மிஸ் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது குரலில் பெருமை தெரிந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் எண்களைக் குறித்துக்கொண்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மலையெல்லாம் வெள்ளை. பாதையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்காரர்கள் எல்லாரும் மலையில் இருந்தார்கள். லயத்தை நெருங்கும்போது வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் என்னவென்று யோசிப்பதற்குள் மிஸ் ஓட ஆரம்பித்துவிட்டார்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினோம், கூப்பிட்டோம். பெட்டிதான் கத்தியது. தோளால் இரண்டு முறை இடித்ததில் தாழ்ப்பாள் கழன்றது. நிலையில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் காலடியில் உருண்டது.

பவானி கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். முகம் நன்றாகச் சிவந்து, நோய் நொடி இல்லாதவளைப்போல இருந்தது. அது அந்த வாயு இரத்தத்தில் ஏறிய நிறம் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அவளை இழுத்து வந்து இஸ்தோப்பில், வீட்டு முன் திண்டில், கிடத்தினேன். மூச்சு இருந்தது. மிஸ் கைக்குழந்தையைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார். குழந்தையின் தலை துவண்டு தொங்கியது. அதைத் திருப்பிப் போட்டு முதுகைத் தேய்த்தேன், வாயில் வாய் வைத்து ஊதினேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. ஒரு சின்ன முனகல் வந்தது. பிறகு அழுகை வந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கீர்த்தி ஞாபகம் வந்து நிமிர்ந்தேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தானாக நடந்து வந்திருந்தாள். கையில் பாதி கடித்த பிஸ்கட். கண் தெளிவாக இருந்தது. தலை சுற்றுகிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். வாந்தி வருகிறதா என்றேன், இல்லை.

"அந்த அக்கா வரல" என்றாள்.

"எந்த அக்கா?"

"கம்பளி அக்கா. நான் அவங்களோடதான் இருந்தேன். அம்மா தூங்கிட்டாங்க."

மிஸ் அவளைப் பார்த்தார். சுவரில் இருந்து பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். நான் கூப்பிட்டேன், போகாதீங்க மிஸ் என்று கத்தினேன். குழந்தையை வைத்துக்கொண்டு எழுந்து ஓடவும் முடியவில்லை. சத்தம் கேட்டுத் தண்ணீர்ப் பீலிப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

மிஸ் அந்த மூலையில் நின்றார். சுவரை ஒட்டி, கொஞ்சம் ஒருக்களித்து, இன்னொருவருக்கும் இடம் வைத்து நிற்பதுபோல நின்றார். பெட்டி கத்தவில்லை.

"இதப் பாருங்கண்ணே" என்றார்.

பார்த்தேன். பூச்சியம். அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். எண் ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு என்று பாய்ந்தது, பெட்டி அலறியது. மறுபடி மூலைக்குப் போனார். ஒரு நொடியில் பூச்சியம். இறங்கப் பல நிமிடம் எடுக்கும் என்று அவரே சொன்ன பெட்டி அது. இன்னும் ஒருமுறை செய்து காட்டினார். அதே எழுநூறு, அதே பூச்சியம். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பூட்டியிருந்த பக்கத்து வீட்டை உடைத்துப் பார்த்தபோது விசயம் தெரிந்தது. மழை நாளில் துணி காய்வதில்லை என்று அந்த மனிதர் கொடியில் உடுப்பைப் போட்டு, அதன் கீழே ஒரு தகர வாளி நிறையக் கரியை மூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவது வழக்கமாம். கரியில் புகை இல்லை, வாசமும் இல்லை. வெளிப்பக்கம் அடைபட்ட கூரைக்குக் கீழே, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாக அது பவானி வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மாலையில் வந்த அந்த மனிதர் இஸ்தோப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு யாரும் ஆறுதலும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை.

தோட்டத்து லொறியில் எல்லாரையும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒட்சிசன் வைத்தார்கள். பவானி மறுநாள் கண் விழித்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீர்த்தியின் இரத்தத்தைச் சோதித்த டாக்டர், இந்தப் பிள்ளை அந்த அறையில் இருக்கவே இல்லையே என்றார். இருந்தது என்று நான் சொன்னேன். அவர் மறுபடி சோதிக்கச் சொன்னார். அதே முடிவுதான்.

வார்டுக்கு வெளியே வாங்கில் மிஸ்ஸும் நானும் உட்கார்ந்திருந்தோம். அன்றுதான் அவர் தன் கதையைச் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

"உடப்புசல்லாவப் பக்கந்தாண்ணே நாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு. அப்பா கொழும்புல வேல. மழன்னு அம்மா கரிச்சட்டிய உள்ள வச்சுக் கதவ மூடிட்டாங்க. அம்மாவும் தங்கச்சியும் எந்திரிக்கல. நான் மட்டும் எந்திரிச்சேன். மூலையில கெடந்தேனாம். கம்பளி போட்ட ஒரு பொம்பள நின்னான்னு நான் சொன்னேன். அவதான் ரெண்டு பேரையும் கொண்டுபோயிட்டா, என்னய வேணாம்னு விட்டுட்டான்னு லயத்துல எல்லாரும் பேசுனாங்க. நானும் அப்படித்தான் வளந்தேன்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"பெரிய படிப்பு படிச்சப்பறம் பேய் இல்ல, வாயுன்னு தெரிஞ்சுது. அப்பவும் அவ தெரியுறது நிக்கல. எங்க போனாலும் ஒரு மூலையில நிப்பா. அவதான் அந்த வாயுன்னு நெனச்சேன். அவள அளந்துட்டா விட்டுருவான்னுதான் இத்தன பெட்டி செஞ்சேன்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "தப்பா நெனச்சிட்டேன்ணே. அன்னிக்கு அவ கைய நீட்டுனா. மூணு பேரப் பாத்தும் நீட்டுனா. தங்கச்சி பயந்து அம்மா மடியில போய்ப் படுத்துக்கிட்டா. நான் மட்டும் போனேன். தங்கச்சியையும் இழுத்துட்டுப் போயிருக்கலாம். பக்கத்துலதான் இருந்தா."

ஆறு வயதுப் பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்று நான் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். மனம் அதை ஏற்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்த மாதக் கடைசியில் அவர் ஆய்வுகூடத்து வேலையை விட்டுவிட்டார். அவர் கண்டுபிடித்த அளவை வைத்து மற்றவர்கள் பெட்டி செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. எங்கள் தோட்டத்திலேயே நாற்பது வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். கூரைக்குக் கீழே அடைத்த சீமெந்தையும் உடைத்து எடுத்தார்கள். அவர் எங்கே போனார் என்று சரியாகத் தெரியாது. உடப்புசல்லாவைப் பக்கம் வான் ஓட்டும் ஒருவர் ஒருமுறை சொன்னார். பழைய லயத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில், வெறும் புல்லில், ஒரு மிஸ் மழையில் நின்று கொண்டிருந்தாராம். கையில் பெட்டி எதுவும் இல்லையாம். யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், அதனால் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கவில்லை என்றார். யார் கூட இருந்தது என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, மூடுபனியாக இருந்தது ஐயா என்று மட்டும் சொன்னார்.

பவானி வீட்டு மூலையை நான் விடவில்லை. எங்கோ ஒரு ஓட்டை இருக்கும், காற்று வரும், அதுதான் கணக்கு என்று நினைத்தேன். ஒருநாள் ஊதுபத்தி கொளுத்தி அந்த மூலையில் பிடித்துப் பார்த்தேன். புகை நேராக மேலே போனது. கொஞ்சமும் ஆடவில்லை. மேசன் ஒருவரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். கருங்கல், ஒன்றரை அடி தடிப்பு, ஊசி போக இடமில்லை என்றார்.

குழந்தைக்கு நிறை பார்க்கும் நாளில் பவானி வரவில்லை என்று நானே தராசை எடுத்துக்கொண்டு போனேன். வெயில் நாள். கதவும் சன்னலும் திறந்திருந்தன. சேலைத் தொட்டிலை அந்த உள்மூலையில் கட்டியிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சன்னலோரமாக் கட்டலாமே பவானி. வெளிச்சமாச்சும் இருக்கும்" என்றேன்.

"கட்டிப் பாத்தோங்கையா. வீரிட்டு அழுவுது." அவள் தொட்டிலைப் பார்த்தபடி சொன்னாள். முன்பு இருந்த பயம் அந்த முகத்தில் இல்லை. "இங்கன்னா தூங்குது. நானும் நிம்மதியா வேலையப் பாத்துக்கறேன்."

நிறை பார்த்தேன். நல்ல நிறை. அட்டையில் குறித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இஸ்தோப்பில் செருப்பை மாட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது: குழந்தையைத் தூக்கப் போனபோதும், திரும்ப விட்டபோதும், அவ்வளவு அகலமான இடத்தில் நான் சுவரை உரசிக்கொண்டு ஒதுங்கித்தான் நடந்திருக்கிறேன், தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் மேல் பட்டுவிடாமல்.